பதிவேடு வெளியே போக வேண்டாம், கேள்வி உள்ளே வரட்டும்: மருத்துவ ஆய்வு அறநெறிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறநெறிக் குழு உறுப்பினர்களுக்கும் நோயாளிப் பதிவேடுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பெருந்தொற்றை ஆராய்வதற்காக நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகளைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வருகின்றன. 2020இல் அவை வந்து குவிந்த வேகத்தில், அவற்றை நிதானமாகப் படித்துத் தீர்மானிக்க உங்களில் பலருக்கு அவகாசமே இருந்திருக்காது. கோவிட்-19 தொடர்பான சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அவசரம் தணிந்திருக்கும் இந்த இடைவெளியில்தான் விதிகளைச் சரியாக எழுத முடியும் என்பதால் இப்போது எழுதுகிறேன். நான் மருத்துவரும் அல்ல, ஆய்வாளரும் அல்ல. மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில், வீடு திரும்பியவர்களுடையதும் இறந்தவர்களுடையதுமான கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இடும் பணியில் இருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் எண்ணாக நிற்பவை, எண்ணாக மாறுவதற்கு முன் எங்கள் கைகளின் வழியாகத்தான் செல்கின்றன.

இத்தகைய விண்ணப்பங்களுக்கு இரண்டு பதில்கள் எளிதில் வந்துவிடுகின்றன. நோயாளியின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்திவிடுவது ஒன்று. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, மொத்தப் பதிவையும் நகலெடுத்துக் கொடுத்தனுப்பிவிடுவது மற்றொன்று. முதல் பதில், சரியான மருந்தை நாம் ஒரு மாதம் முன்னதாகக் கண்டறிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களைக் கைவிடுகிறது. இரண்டாவது பதில், மருத்துவரை நம்பி வாய்திறந்தவர்களைக் கைவிடுகிறது. பதிவேடு இருந்த இடத்திலேயே இருக்க, ஆய்வாளரின் கேள்வி மட்டும் உள்ளே வந்து விடையுடன் திரும்பும் ஏற்பாட்டை, அடுத்த தொற்று வருவதற்கு முன்பே நிரந்தரமாக நிறுவுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதிவேடுகள் நமக்கு எதைத் தந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 2020 மார்ச்சில், இந்த நோய் யாரைக் கொல்லும், யாரை விட்டுவைக்கும் என்பதற்குச் சில மருத்துவமனைகள் வெளியிட்ட சிறு பட்டியல்களைத் தவிர உறுதியான விடை எவரிடமும் இல்லை. அவ்வாண்டு ஜூலையில் நேச்சர் இதழில் வெளிவந்த, ஓப்பன்சேஃப்லி என்ற கணினித் தளத்தின் வழியாக நடந்த ஆய்வு, இங்கிலாந்தில் 1 கோடியே 72 லட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் குடும்ப மருத்துவர் பதிவுகளை இறப்புப் பதிவுகளுடன் இணைத்துப் பார்த்தது. அவர்களில் 10,926 பேர் கோவிட் தொடர்பாக இறந்திருந்தனர். ஐம்பதுகளில் இருப்பவரோடு ஒப்பிட்டால் எண்பதைக் கடந்தவருக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ இருபது மடங்கு என்பதும், ஆண்களுக்கும் வறிய பகுதிகளில் வாழ்வோருக்கும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உடையோருக்கும் அபாயம் கூடுதல் என்பதும், பிற நோய்களையும் வறுமையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் கறுப்பினத்தவருக்கும் தெற்காசிய வம்சாவளியினருக்கும் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதும் அந்த ஒரே ஆய்வில் தெரியவந்தன. ஒரு தனி மருத்துவமனை எத்தனை ஆண்டுகள் கணக்கெழுதினாலும் இந்த விடையை எட்டியிருக்க முடியாது.

அந்த விடை கிடைத்த விதமும் உங்கள் கவனத்துக்குரியது. பதிவுகள் ஏற்கெனவே எந்தச் சர்வரில் இருந்தனவோ அங்கேயே இருந்தன. ஆய்வுக்கென்று அவை வேறிடத்துக்கு அள்ளிச் செல்லப்படவில்லை. அந்தத் தளத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் போலித் தரவை வைத்துத் தங்கள் நிரலை எழுதிச் சரிபார்த்து உள்ளே அனுப்புகிறார்கள். உள்ளே என்ன ஓடியது என்பது எவரும் பார்க்கும்படி பதிவாகிறது. வெளியே வருபவை கூட்டுத்தொகைகளும் அட்டவணைகளும் மட்டுமே, அவையும் சரிபார்ப்புக்குப் பிறகே. இது இயலாத காரியம் என்று உங்கள் முன் யாராவது வாதிட்டால், பெருந்தொற்றின் முதல் சில வாரங்களிலேயே இது கட்டி எழுப்பப்பட்டது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

எந்த மருந்து பலன் தரும் என்ற கேள்விக்குப் பதிவேடு தனியாக விடை சொல்லாது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் சோதனைதான் அதைச் சொல்லும். ஆனால் அந்தச் சோதனைக்கும் பதிவேடு துணை நிற்க முடியும். 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ரெக்கவரி சோதனையில், வார்டு ஊழியர்கள் நிரப்ப வேண்டிய படிவங்கள் மிகச் சுருக்கமாக வைக்கப்பட்டன. நோயாளி 28 நாள்களுக்குப் பின் உயிருடன் இருக்கிறாரா என்பது போன்ற தகவல்களை உறுதிசெய்ய வழக்கமான சுகாதாரப் பதிவுகளும் இணைக்கப்பட்டன. மூச்சுவிட நேரமில்லாத வார்டுகளில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து ஒரு சோதனையை நடத்த முடிந்ததற்கு இந்த எளிமை முக்கியக் காரணம். விலை மலிவான, பல காலமாகப் புழக்கத்தில் உள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்ற முடிவு ஜூன் 16 அன்று வெளியானது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே சோதனை சொன்னது. அந்த இரண்டாவது செய்தியும் முதலாவதற்கு இணையான மதிப்புடையது.

இதே காலத்தில் நடந்த மற்றொரு சம்பவத்தை நீங்கள் மறக்கவே கூடாது. 2020 மே 22 அன்று தி லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை ஆராய்ந்ததாகவும், அப்போது கோவிட்டுக்கும் தரப்பட்டுவந்த மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்களிடையே இறப்பு அதிகம் என்றும் அது சொன்னது. அந்தப் பதிவுகள் சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்திடமிருந்து வந்தவை. சில நாள்களுக்குள் உலக சுகாதார நிறுவனம் தன் பன்னாட்டுச் சோதனையில் அந்த மருந்துக்கான பிரிவை நிறுத்திவைத்தது. ஆனால் கட்டுரையைக் கூர்ந்து படித்தவர்களுக்கு எண்கள் இடித்தன. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரையின் தரவு காட்டியது. அந்த நாடு முழுவதிலும் அன்றுவரை பதிவான கோவிட் மரணங்களோ 67. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டுத் திறந்த மடல் எழுதினார்கள். சுயேச்சையான தணிக்கையாளர்கள் மூலத் தரவைக் கேட்டபோது, வாடிக்கையாளர்களுடனான ஒப்பந்தத்தையும் ரகசியத்தையும் காரணம் காட்டி நிறுவனம் கொடுக்க மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவை நம்பி வேறொரு முன்னணி மருத்துவ இதழில் வந்திருந்த கட்டுரையும் அதே நாளில் திரும்பப் பெறப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் வருத்துவது ரகசியம் என்ற சொல் பயன்பட்ட விதம்தான். நோயாளியைக் காப்பதற்கென்று நாம் ஏற்படுத்திய கடமை, யாரும் எதையும் சரிபார்க்க முடியாதபடி மறைக்கும் திரையாக அங்கே பயன்பட்டது. எந்த மருத்துவமனை, எந்த அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு, எந்தப் பதிவை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று கேட்டிருந்தால் விஷயம் முதல் நாளிலேயே வெளிவந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் உங்களைப் போன்ற குழுக்களுக்குத்தான் இருந்தது. இறுதியில் அந்த மருந்து மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என்பதை அதே ஜூன் மாதம் ரெக்கவரி சோதனை முறையாகக் காட்டியது. இடைப்பட்ட வாரங்களில் பிற சோதனைகள் தடுமாறியதும், மக்கள் ஆய்வுகள்மீது வைத்திருந்த நம்பிக்கை குலைந்ததும் திரும்பப் பெற முடியாத இழப்புகள்.

இனி, எனக்கு நேரடியாகத் தெரிந்த பகுதிக்கு வருகிறேன். உண்மையான பதிவுகளாகவே இருந்தாலும், அவை எப்படி எழுதப்பட்டன என்பது தெரியாமல் அவற்றை எண்ணத் தொடங்கினால் தவறான விடையே வரும்.

பெருந்தொற்றின் உச்சத்தில் எழுதப்பட்ட ஒரு கேஸ் ஷீட்டை விரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் "காய்ச்சல் 3/7, இருமல் 2/7" என்று எழுதியிருக்கும். மூன்று நாள்களாகக் காய்ச்சல், இரண்டு நாள்களாக இருமல் என்பது அதன் பொருள்; ஏழில் மூன்று என்று நாள்களைக் குறிப்பது வார்டுகளில் பழகிய சுருக்கெழுத்து. இதை ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் ஜூலை 3 என்று படித்துவிடக்கூடும். நோயின் முதல் நாள் எது என்ற தகவலின் மீதுதான் எத்தனை நாளில் நோய் முற்றுகிறது, எப்போது மருந்து தொடங்க வேண்டும் என்பன போன்ற கணக்குகளெல்லாம் நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சாய்வுக்கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

அடுத்த பக்கத்தில் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சிறுநீரக நோய் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த நோயாளியிடம் ஒவ்வொன்றையும் கேட்டு "உண்டு", "இல்லை" என்று நிரப்பியிருப்பார்கள். மூச்சுத் திணறலோடு, கூடவர ஆளில்லாமல், ஸ்ட்ரெச்சரில் வந்தவரின் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அவரிடம் கேட்க வழியில்லை, கேட்க நேரமும் இல்லை. இந்த வெறுமையை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும் ஆய்வில், வேறு எந்த நோயும் இல்லாதவர்கள்தாம் அதிகம் இறந்தார்கள் என்ற விபரீதமான முடிவு கிடைக்கும். கேட்கப்படாததும் இல்லாததும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு, அந்த இரவில் அங்கே பணியில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஆக்சிஜன் அளவு என்ற இடத்தில் "94" என்றிருக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது 94 என்றால் ஒரு பொருள். முகமூடி வழியாக நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஆக்சிஜன் செலுத்தியபோது 94 என்றால் முற்றிலும் வேறு பொருள். எது என்பதை எழுதாத தாள்கள் ஏராளம். அந்த எண்ணைத் தந்த கருவியே எல்லோரிடமும் ஒன்றுபோல் அளப்பதில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தபோது உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடையே 11.7 விழுக்காடாகவும், வெள்ளையரிடையே 3.6 விழுக்காடாகவும் இருந்ததென்று அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2020 டிசம்பரில் காட்டியது. கருவியின் குறையைப் பதிவேடுகளே அம்பலப்படுத்தின. அதே பதிவேடுகளில் அந்தக் குறையுள்ள எண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தோலின் நிறம் கருத்திருப்போரில் நோயின் கடுமையை அந்த எண்களைக் கொண்டு கணக்கிடும் எவரும் இதை அறிந்தே கணக்கிட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் நோயாளி என்ன ஆனார் என்ற விவரம் வரும். படுக்கை இல்லாமல் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர், எங்கள் பதிவின்படி உயிருடன் வெளியேறியவர். அவர் அங்கே மறுநாள் இறந்திருந்தாலும், அங்கே அவருக்கு வேறோர் எண், வேறொரு கேஸ் ஷீட். இரண்டையும் இணைக்காத ஆய்வில் ஒருவர் இருவராகிறார். அவர்களில் ஒருவர் நலமாக வீடு திரும்பியவராகக் கணக்கில் சேர்கிறார். குறியீட்டிலும் இதே சிக்கல் உண்டு. பரிசோதனையில் கிருமி உறுதியானால், நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 முறையில் யு07.1, அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் முடிவுசெய்திருந்து பரிசோதனையில் உறுதியாகாவிட்டால் யு07.2. பரிசோதனைக் கருவிகள் தீர்ந்துபோன வாரங்களில் எத்தனையோ பேர் இரண்டாவது குறியீட்டில் சேர்ந்தார்கள். பின்னாளில், வேறு காரணத்துக்காகச் சேர்ந்து வழக்கமான பரிசோதனையில் கிருமி தெரியவந்தவர்களும் முதல் குறியீட்டிலேயே நின்றார்கள். எலும்பு முறிவுக்காக வந்தவரையும் நுரையீரல் செயலிழந்து வந்தவரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து, நோய் வீரியம் இழந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது.

இவை மருத்துவர்கள் மீதும் செவிலியர்கள் மீதும் குற்றம் சாட்டும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, இரண்டு அடுக்குக் கையுறையோடு பேனா பிடித்தவர்கள் அந்தத் தாள்களை எழுதினார்கள். அவர்கள் எழுதியது அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் படிப்பதற்காக. ஆய்வுக்காக எழுதப்பட்டதே அல்ல. அதனால்தான் எழுதியவர்களையும் குறியீடு இட்டவர்களையும் கலந்து பேசாமல் நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தராதீர்கள் என்று கேட்கிறேன்.

பதிவேட்டில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கே வராமல் வீட்டில் இறந்தவர், பரிசோதனைக்கு வரிசையில் நிற்க முடியாதவர், வேலை போய்விடும் என்று அறிகுறியை மறைத்தவர் ஆகிய யாரும் எங்கள் அலமாரிகளில் இல்லை. 2020 ஏப்ரலில், மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களிடையே புகைபிடிப்போர் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்ததை வைத்து, புகையிலையில் உள்ள நிக்கோட்டின் காக்கிறதோ என்ற பேச்சுக்கூட எழுந்தது. யார் பரிசோதிக்கப்பட்டார், யாரிடம் புகைபிடிக்கும் பழக்கம் பற்றிக் கேட்டு எழுதினார்கள், யார் மருத்துவமனை வரை வந்து சேர்ந்தார் என்பவை எல்லாம் இத்தகைய எண்ணிக்கையைத் திரித்துவிடக்கூடியவை.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு லாங் கோவிட். நோய் தணிந்த பின்பும் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பையும் மூச்சுத் திணறலையும் மறதியையும் முதலில் பேசியவர்கள் நோயாளிகளே. அந்தப் பெயரும் 2020 மே மாதத்தில் அவர்களிடமிருந்தே வந்தது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு முறையான வரையறை தந்தது 2021 அக்டோபரில். அதற்கு முன்பே இங்கிலாந்தில் தனிக் குறியீடுகள் அறிமுகமாகியிருந்தன. ஏறத்தாழ 5.8 கோடிப் பேரின் குடும்ப மருத்துவர் பதிவுகளை ஓப்பன்சேஃப்லி வழியாகத் தேடியபோது, அந்தக் குறியீடு இடப்பட்டிருந்தவர்கள் 23,273 பேர் மட்டுமே. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. மருத்துவ நிலையம் எந்த மென்பொருளைப் பயன்படுத்தியது என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறியது. அதே காலத்தில் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், தொடரும் அறிகுறிகள் தமக்கு இருப்பதாகச் சொன்னவர்களின் மதிப்பீடு பத்து லட்சத்தைத் தாண்டியது. பதிவேட்டை மட்டும் படித்திருந்தால், அந்த நோய் ஏறத்தாழ இல்லை என்றே முடிவு செய்திருப்போம்.

அந்தரங்கத்துக்கு வருகிறேன். பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே ஆபத்தில்லை என்று விண்ணப்பங்களில் எழுதப்படும் வாக்கியத்தை நீங்கள் ஏற்கவே கூடாது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து வாங்கிய வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டெடுத்தார். பிறந்த தேதியும் பாலினமும் அஞ்சல் குறியீடும் போதுமானவையாக இருந்தன. இந்த மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று அவர் கணக்கிட்டார். பின்னர் வேறொருவர் செய்த கணக்கில் அது 63 விழுக்காடு. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் பெயர் நீக்கம் பாதுகாப்பாகாது. பெருந்தொற்றில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு பகுதியில் முதன்முதலாகத் தொற்று கண்டவர் யார், எந்த வாரத்தில் எந்த வயதில் இறந்தார் என்பவை அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் தெரியும், செய்தியிலும் வந்திருக்கும். அட்டவணையில் "1" என்ற எண் தென்படும் கட்டத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த மனிதருக்கு எச்ஐவியோ மனநோயோ இருந்ததென்று அதே வரியில் இருந்தால், கோவிட்டை ஆராயப் போன பதிவு வேறொன்றை ஊருக்குச் சொல்லிவிடும்.

மக்களைக் கேட்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் பதிவுகளை மையமாகத் திரட்டும் கேர்.டேட்டா என்ற திட்டம், யாருக்கு எதற்காகப் பதிவுகள் போகும் என்பதைத் தெளிவாகச் சொல்லாததால் எதிர்ப்புக்குள்ளாகி 2016இல் கைவிடப்பட்டது. 2021இல் அதே போன்ற புதிய திட்டம் அறிவிக்கப்பட்டபோது, குறுகிய காலத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பதிவுகளைத் தர மறுத்து விலகினர், திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் பதிவேடுகள் எவ்வளவு உதவின என்பதை நேரில் கண்டிருந்த அதே மக்கள்தாம் விலகினார்கள். நம்பிக்கை குறைந்தால் விலகுவதோடு நிற்காது. மருத்துவரிடம் சொல்வதையே குறைத்துக்கொள்வார்கள். அப்போது எங்கள் தாளில் இன்னும் பல கட்டங்கள் வெறுமையாகும்.

ஒப்புதலைப் பொறுத்தவரை என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மயக்கத்தில் வென்டிலேட்டரில் கிடந்தவரிடம் கையெழுத்து வாங்க முடியாது; இறந்தவர்களிடம் கேட்க முடியாது; பிழைத்தவர்களிடம் மட்டும் கேட்டால் பிழைத்தவர்களைப் பற்றி மட்டுமே ஆய்வு நடக்கும். ஆகவே, ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஒப்புதல் பெற்றால்தான் எந்த ஆய்வும் நடக்கலாம் என்ற நிலைப்பாட்டை நான் ஆதரிக்கவில்லை. சுகாதாரத் தரவுத்தளங்கள் பற்றி உலக மருத்துவச் சங்கம் 2016இல் திருத்தி வெளியிட்ட தைப்பே பிரகடனமும், மக்களின் உடல்நலத்துக்குக் கடுமையான, உடனடி அச்சுறுத்தல் இருந்து, அடையாளமற்ற தரவு போதாதபோது, ஒப்புதலின்றிப் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால் அத்தகைய ஒவ்வொரு விதிவிலக்கும் நியாயமானது என்று சுயேச்சையான அறநெறிக் குழு உறுதிசெய்ய வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. கையெழுத்திட முடியாத நோயாளியின் இடத்தில் இருந்து கேட்க வேண்டியவர்கள் நீங்கள் என்பதே அந்த நிபந்தனையின் பொருள்.

ஆகவே கேளுங்கள். பதிவுகளை வெளியே எடுத்துச் செல்லக் கோரும் எந்த விண்ணப்பத்திடமும், உள்ளேயே ஆராய ஏன் முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள். எங்கிருந்து வந்தன, எந்தக் குழு ஒப்புக்கொண்டது என்று காட்ட மறுக்கும் இடைத்தரகர்களின் தரவில் செய்யப்பட்ட ஆய்வை எவ்வளவு பெரிய பெயர் முன்வைத்தாலும் ஏற்காதீர்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் என்ன கேள்வி, யார் கேட்கிறார், யார் பணம் தருகிறார், எந்த நிரல் ஓடியது, என்ன முடிவு வந்தது என்பதைச் சாதாரண மொழியில் பொதுவில் வையுங்கள். எதுவும் கண்டறியப்படாத ஆய்வும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ காவல் துறைக்கோ இந்த வழியாக ஒரு வரிகூடப் போகாது என்பதை விதியாகவே எழுதுங்கள். வெளியே போகும் அட்டவணைகளில் மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறையுங்கள்.

அவசர அனுமதிகளுக்கு முடிவுத் தேதி வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில், நோயாளித் தகவல்களைக் கோவிட் பணிகளுக்காகப் பகிர வேண்டும் என்று பிறப்பிக்கப்பட்ட அரசு ஆணை பலமுறை நீட்டிக்கப்பட்டு 2022 ஜூன் இறுதியில் முடிவுக்கு வந்தது. நீட்டித்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அமர்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதே அதிலுள்ள பாதுகாப்பு. தேதியில்லாமல் கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. நகலாகக் கொடுக்கப்பட்ட பதிவு அழிக்கப்பட்டதா என்று சரிபார்க்கவும் உண்மையில் வழியில்லை. பதிவு வெளியேறவே வேண்டாம் என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காகிதத்தில் மட்டும் பதிவேடு வைத்திருக்கும் மருத்துவமனைகளை இந்த ஏற்பாட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள். அங்கே சேர்ந்த நோயாளிகள் ஆய்வில் இடம்பெறாவிட்டால், மின்னணு வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளுக்குப் போக முடிந்தவர்களின் நோயே எல்லோருடைய நோயாகவும் எழுதப்பட்டுவிடும். அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றுவதற்கான ஆட்களும் பணமும் ஆய்வு நிதியிலிருந்தே வர வேண்டும். அது வார்டு செவிலியரின் தலையில் கூடுதல் வேலையாக விழக் கூடாது.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று விஷயங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2020 முதல் நீங்கள் கொடுத்த கோவிட் ஆய்வு அனுமதிகளில் இன்னும் முடிவடையாமல் இருப்பவை எவை, அவற்றின் கீழ் வெளியே சென்ற நகல்கள் இப்போது யாரிடம் உள்ளன என்ற பட்டியல் ஒன்று. பதிவேட்டுப் பிரிவிலிருந்து ஒருவருக்கும், வார்டில் பணியாற்றும் செவிலியர் ஒருவருக்கும், அந்த நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கும் உங்கள் குழுவில் வாக்குரிமையுடன் இடம் தருவது மற்றொன்று. பதிவுகள் இருக்கும் இடத்திலேயே ஆய்வு நடத்தும் ஏற்பாட்டை எந்த மாதத்துக்குள் நிறுவுவீர்கள், அதற்கு யார் பொறுப்பு என்பது மூன்றாவது. இவற்றின் மீது நீங்கள் எடுக்கும் முடிவை, மறுப்பாக இருந்தாலும், காரணத்துடன் பொதுவில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுப் பணியாளர்